உங்கள் கையில் இருப்பது விவாகரத்து மனு அல்ல

கேள்வி: வழக்குரைஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 2016-ஆம் ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலில் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஏழு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். கணவர் குடித்துவிட்டு அடித்ததால் ஒன்றரை ஆண்டுக்கு முன் குழந்தைகளுடன் தேனி பக்கத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் வேலை செய்து பிழைக்கிறேன். சென்ற வாரம் கரூர் நீதிமன்றத்திலிருந்து தபால் வந்தது. அதில் என்னை ‘எதிர்மனுதாரர்’ என்றும், ‘பிரிவு 9’ என்றும், ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்றும் எழுதியிருக்கிறது. விவாகரத்துதான் கேட்கிறார் என்கிறார் அண்ணன். போகாமல் இருந்தால் வழக்கு தானாகத் தள்ளுபடியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கணவர் வீட்டுப் பெரியவர்களோ மூன்று லட்சம் தருகிறோம், பஞ்சாயத்தில் வைத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நானாக வீட்டை விட்டு வந்ததால் ஜீவனாம்சம் கிடைக்காதா? குழந்தைகளைப் பிடுங்கிக்கொள்வார்களா? என் 25 பவுன் நகை மாமியாரிடம் இருக்கிறது. இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்ன பொருள் என்று தெரிந்தால்தான் நான் ஒரு முடிவுக்கு வர முடியும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. பொருள் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பவருக்குத்தான் சட்டம் உதவ முடியும். ஆகவே முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்கிறேன். அது விவாகரத்து மனு அல்ல. உங்கள் கணவர் நீதிமன்றத்திடம் கேட்டிருப்பது, நீங்கள் அவருடன் சேர்ந்து வாழ வரவேண்டும் என்ற உத்தரவை. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 9-ஆம் பிரிவு அதற்கானது. கணவனோ மனைவியோ நியாயமான காரணம் இல்லாமல் மற்றவரோடு சேர்ந்து வாழ்வதிலிருந்து விலகிவிட்டால், விலகியவரைத் திரும்ப வரச்சொல்லுமாறு மற்றவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதைத்தான் ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்று எழுதுகிறார்கள். மனைவியர் தொடுக்கும் 9-ஆம் பிரிவு வழக்குகளும் உண்டு.

‘பிரிவு’ என்ற சொல்லே இங்கே ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டத்தின் ஒவ்வொரு எண்ணிட்ட பகுதிக்கும் தமிழில் பிரிவு என்று பெயர். ‘பிரிவு 9’ என்பதைப் பார்த்ததும் பிரிந்துபோவதைப் பற்றியது என்று உங்கள் அண்ணன் எண்ணியிருக்கக்கூடும். அதுபோலவே ‘எதிர்மனுதாரர்’ என்ற சொல்லும் உங்களை அச்சுறுத்தியிருக்கலாம். குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் நம் நீதிமன்றங்களில் ‘எதிரி’ என்பார்கள். எதிர்மனுதாரர் என்பவர் அவர் அல்லர். மனுவைப் போட்டவர் மனுதாரர், அந்த மனுவுக்குப் பதில் சொல்ல அழைக்கப்பட்டவர் எதிர்மனுதாரர், அவ்வளவுதான். உங்கள் மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. நாளைக்கு நீங்கள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டால் அந்த வழக்கில் நீங்கள் மனுதாரர், அவர் எதிர்மனுதாரர்.

குடும்ப வழக்கில் எந்தக் காகிதம் வந்தாலும் மேலே சட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பிரிவு எண்ணை முதலில் பாருங்கள். இந்து திருமணச் சட்டத்தில் 9 என்றால் சேர்ந்து வாழ அழைப்பது. 10 என்றால் நீதிமுறைப் பிரிவினை; அதாவது திருமணம் அப்படியே இருக்கும், மறுமணம் செய்ய முடியாது, ஆனால் ஒரே வீட்டில் வாழவேண்டிய கடமை மட்டும் நீங்கும். 11, 12 ஆகியவை திருமணமே செல்லாது என்று கேட்பவை. 13 என்றால் ஒருவர் மற்றவர் மீது காரணம் காட்டிக் கேட்கும் விவாகரத்து. 13-பி என்றால் இருவரும் மனமொத்துக் கேட்கும் விவாகரத்து. விவாகரத்து, மணவிலக்கு, மணமுறிவு என்று மூன்று விதமாக எழுதினாலும் மூன்றும் ஒன்றே. அந்தச் சொற்களுக்கிடையே சட்ட வேறுபாடு எதுவும் இல்லை. (கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம், இஸ்லாமியர்களுக்குத் தனிச் சட்டங்கள் என்று இருப்பதால், நான் சொல்லும் எண்கள் அவர்களுக்குப் பொருந்தா.) கோயிலில் நடந்த உங்கள் திருமணம் பதிவு செய்யப்படாததால் செல்லாமல் போய்விடாது. பதிவு கட்டாயம்தான். ஆனாலும் முறைப்படி நடந்த திருமணத்தின் செல்லுபடியைப் பதிவின்மை பாதிக்காது என்று அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே சொல்கிறது.

இனி, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். அவர் உங்கள் நன்மைக்காகவே சொல்லியிருப்பார். ஆனால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் யோசனைகளில் மிக ஆபத்தானது இதுதான். மனுதாரர் வராவிட்டால்தான் வழக்கு தள்ளுபடியாகும். அழைப்பாணை பெற்ற எதிர்மனுதாரர் வராவிட்டால், நீதிமன்றம் அவரை ‘ஒருதலைப்பட்சம்’ என்று அறிவித்துவிட்டு, வந்திருப்பவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும். நீதிமன்ற வளாகத்தில் ‘எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது’ என்று பேசிக்கொள்வார்களே, அது இதுதான். நீங்கள் அடிபட்ட கதை அந்த நீதிபதிக்குத் தெரியவே தெரியாது. காரணமில்லாமல் விலகிப்போன மனைவி என்று உங்கள் கணவர் எழுதியிருப்பது மட்டுமே பதிவாகும்.

அப்படி 9-ஆம் பிரிவில் ஒரு தீர்ப்பாணை வந்துவிட்டால் என்ன ஆகும்? காவலரை அனுப்பி உங்களைக் கணவர் வீட்டில் கொண்டுபோய் விடமாட்டார்கள். எந்த நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. அந்த ஆணையை வேண்டுமென்றே மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம் என்பது மட்டும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. உண்மையான விளைவு வேறு இடத்தில் இருக்கிறது. 13-ஆம் பிரிவின் 1-ஏ உட்பிரிவு, சேர்ந்து வாழுமாறு தீர்ப்பாணை வந்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியும் இருவரும் சேரவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்கிறது. அதாவது, சேர்ந்து வாழ வரச்சொல்லும் மனுவாகத் தொடங்கிய ஒன்று, நீங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால், உங்கள் தரப்பு ஒரு வரிகூட இல்லாமல் விவாகரத்தில் போய் முடியலாம். எல்லாக் கணவர்களும் இந்த எண்ணத்தோடுதான் 9-ஆம் பிரிவு மனுப் போடுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனைவியும் குழந்தைகளும் திரும்பி வரவேண்டும் என்று உண்மையாகவே ஏங்கி மனுப் போட்டவர்களையும், சமரச மையத்தில் பேசி முடித்து அன்று மாலையே சேர்ந்து வீட்டுக்குப் போன தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரின் எண்ணம் எது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். எதுவானாலும், நீங்கள் நீதிமன்றத்தில் இருக்கவேண்டும்.

அங்கே போய் நீங்கள் சொல்லவேண்டியதும் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. ‘நியாயமான காரணம் இல்லாமல்’ விலகியவர் மீதுதான் 9-ஆம் பிரிவு பாயும். காரணம் இருந்ததா என்ற கேள்வி எழும்போது, அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு விலகியவரைச் சேரும் என்று அந்தப் பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆகவே அடி, மிரட்டல், குடி, அந்த நாட்களில் நீங்கள் சென்ற இடங்கள் எல்லாம் இப்போது சாட்சியங்களாகின்றன. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அவர்கள் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஓ.பி. சீட்டு, கைப்பேசியில் வந்த செய்திகள், உங்களை அந்த நிலையில் பார்த்த அக்கம்பக்கத்தார் என்று எதையும் சிறிதென்று ஒதுக்காதீர்கள். இவற்றை வைத்து நீங்கள் தாக்கல் செய்யும் பதிலுக்கு ‘எதிருரை’ என்று பெயர். மனுவில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் அதில் பதில் இருக்கவேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகக் கருத இடமுண்டு. எதிருரையோடு நிற்காமல், கொடுமை என்ற காரணத்தைக் காட்டி அதே வழக்கில் உங்களுக்கு வேண்டிய நிவாரணத்தை எதிர்க்கோரிக்கையாகக் கேட்கவும் 23-ஏ பிரிவு இடம் தருகிறது. அது விவாகரத்தாகவும் இருக்கலாம், நீதிமுறைப் பிரிவினையாகவும் இருக்கலாம். கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இன்றே முடிவு செய்யவேண்டிய அவசரம் இல்லை.

இங்கே இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த மனுவில் அவை வரக்கூடும். ‘கொடுமை’ என்பது உடலில் விழும் அடி மட்டுமன்று. மனத்தளவிலான கொடுமையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2007-இல் வந்த சமர் கோஷ் வழக்கின் தீர்ப்பு அதற்குப் பல எடுத்துக்காட்டுகளைத் தந்திருக்கிறது. ‘கைவிடுதல்’ என்பது இரண்டாவது. விவாகரத்துக்கான காரணமாக அதைக் காட்ட, மனுப் போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கைவிட்டிருக்கவேண்டும். உங்கள் பிரிவுக்கு ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதைக் கவனத்தில் வையுங்கள். வீட்டை விட்டு யார் வெளியே வந்தார் என்பதை மட்டும் வைத்து யார் கைவிட்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்யாது. வாழ முடியாத நிலையை உண்டாக்கி ஒருவரை வெளியேற வைத்தால், வெளியேற்றியவரே கைவிட்டவராகக் கருதப்படுவார். ‘நானாக வந்துவிட்டேன்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொற்றொடரை எதிருரையில் எழுத விடாதீர்கள். அடி தாங்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்களாக வந்தது ஆகாது.

ஜீவனாம்சம் பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதுவே அடிப்படை. ஜீவனாம்சம் என்ற சொல்லுக்கே வாழ்வதற்கான பங்கு என்றுதான் பொருள். பராமரிப்புத் தொகை என்றாலும் அதுவே. அது தவற்றுக்கு விதிக்கும் அபராதமும் அல்ல, கருணைத் தொகையும் அல்ல. ஒரே சொல்லுக்குள் பல வழிகள் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. கணவர் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதே நீதிமன்றத்தில், வழக்கு முடியும்வரை மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்பது 24-ஆம் பிரிவின்படியான இடைக்கால ஜீவனாம்சம். வழக்கு முடிவில், தீர்ப்பாணையின்போதோ அதற்குப் பிறகோ கேட்பது 25-ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சம்; இது மொத்தத் தொகையாகவும் இருக்கலாம், மாதத் தொகையாகவும் இருக்கலாம். இவை இரண்டுக்கும் வெளியே, எந்த மதத்தவரும் பயன்படுத்தக்கூடிய வழி ஒன்று உண்டு. நெடுங்காலமாக ‘125 கேஸ்’ என்று நம் ஊரில் சொல்லப்பட்டுவந்த அது, 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறிவிட்டதே தவிர உரிமை அப்படியே இருக்கிறது. இந்த மனுவை நீங்கள் வசிக்கும் தேனி மாவட்டத்திலேயே போடலாம். குழந்தைகளுக்கும் தனித்தனியே கேட்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் பணநிவாரணம் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கேட்டால் முன்பு கிடைத்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கழிக்கப்படலாம்.

கணவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்றெல்லாம் வெளியில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இருவரின் வருமானம், சொத்து, தேவைகள், குழந்தைகளின் படிப்பு எல்லாவற்றையும் பார்த்தே தொகை தீர்மானிக்கப்படும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்யவேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படவேண்டும் என்றும் வகுத்துவிட்டது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு இழப்பு. தையல் வேலை செய்வதாலேயே உரிமை போய்விடாது, உங்களையும் குழந்தைகளையும் காக்க அது போதுமானதா என்பதே கேள்வி. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் தையல் வருமானத்தை மறைக்காமல் எழுதுங்கள். சிறிய பொய் ஒன்று பிடிபட்டால், உண்மையான அடிகளைப் பற்றிய உங்கள் பேச்சும் நம்பிக்கை இழந்துவிடும்.

தனியே வந்துவிட்டால் ஜீவனாம்சம் இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் ஒரு பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். போதிய காரணம் இன்றிக் கணவருடன் வாழ மறுக்கும் மனைவிக்கு 144-ஆம் பிரிவின்கீழ் உரிமை இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. காரணம் இருந்தால் உண்டு. ஒருவேளை 9-ஆம் பிரிவில் கணவருக்குச் சாதகமான தீர்ப்பாணை வந்து, அதன்பிறகும் மனைவி போகவில்லை என்றால்கூட, அந்த ஒரு காரணத்துக்காகவே ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது, மனைவிக்குப் போதிய காரணம் இருந்ததா என்பதைத் தனியே பார்க்கவேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இப்போது பஞ்சாயத்துப் பத்திரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் இந்த ஒரு காகிதத்தால் பத்து ஆண்டுகள் அலைந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். தீர்த்துக்கொள்வது, அத்துவிடுவது, விடுதலைப் பத்திரம் எழுதுவது என்று ஊருக்கு ஒரு பெயர் இதற்கு உண்டு. முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வைத்தாலும், அது விவாகரத்து ஆகாது. நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்தை. திருமணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பாணை மட்டுமே இந்து திருமணத்தை முடிவுக்குக் கொண்டுவரும். வழக்காறுப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றியிருக்கிறது என்பது ஒரு விதிவிலக்கு. ஆனால் அப்படி ஒரு வழக்காறு தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இடையறாமல் இருந்துவருகிறது என்று வழக்கில் மெய்ப்பிக்கவேண்டும், அது எளிதன்று. பத்திரத்தை நம்பி யாரேனும் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. செய்தவர் மீது இருதார மணக் குற்றமும் சாட்டப்படலாம்.

இதைவிட நுட்பமான கண்ணி ஒன்றும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று அதில் எழுதுவார்கள். மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே 144-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, அந்தப் பத்திரம் உங்களுக்கு விவாகரத்தையும் தராது, நாளைக்கு ஜீவனாம்சம் கேட்டுப் போனால் உங்களுக்கு எதிராக நீட்டப்படும். மூன்று லட்சம் இன்று பெரிய தொகையாகத் தெரியலாம். ஏழு வயது மகள் கல்லூரிக்குப் போக இன்னும் பத்துப் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன.

உண்மையிலேயே இருவரும் பிரிய முடிவு செய்தால் அதற்கு நேரான வழி 13-பி. ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும். உங்களுக்கு அது நிறைவேறியிருக்கிறது. இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்து, ஆறு மாதத்துக்குப் பிறகும் பதினெட்டு மாதத்துக்கு முன்பும் மீண்டும் வந்து உறுதிப்படுத்தவேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சமும் குழந்தைகள் பற்றிய ஏற்பாடும் முடிந்துவிட்டன என்ற நிலையில் அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாணை வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கணவர் வீட்டுப் பெரியவர்கள் தரத் தயாராக இருக்கும் தொகையை, பஞ்சாயத்து மேடையில் அல்லாமல் இந்த மனுவில் எழுதித் தரட்டும். அப்போது அது நீதிமன்றத்தின் ஆணையாகிறது, மறுத்துப் பேச முடியாது.

குழந்தைகளைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இங்கும் இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. ‘பாதுகாவலர்’ என்பவர் குழந்தையின் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர். குழந்தை யாரிடம் வளர்கிறது, யார் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பது ‘பராமரிப்புப் பொறுப்பு’; நீதிமன்றத்தில் கஸ்டடி என்றே சொல்வார்கள். இந்துச் சிறுவர்களின் பாதுகாவலர் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை இயற்கைப் பாதுகாவலராகவும் அவருக்குப் பிறகு தாயையும் குறிப்பிட்டாலும், ‘அவருக்குப் பிறகு’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் பாதுகாவலர்தான் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. உங்கள் மகனுக்கு அது பொருந்தும். மகளுக்கு ஏழு வயது என்பதால் அவள் தானாகத் தந்தையிடம் போய்விடுவாள் என்று எண்ணவேண்டாம். எந்த வயதானாலும் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. உங்களிடம் வளர்ந்து, உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துவரும் உடன்பிறந்த இருவரைக் காரணமின்றிப் பிரிக்க நீதிமன்றம் விரும்பாது.

ஆனால் ‘பார்வையிடும் உரிமை’ தந்தைக்கு இருக்கும். குறிப்பிட்ட நாட்களில், தேவையானால் நீதிமன்ற வளாகத்திலேயே, குழந்தைகளைச் சந்திக்க ஏற்பாடு செய்வார்கள். அதை மறுப்பதில் உறுதி காட்டாதீர்கள். உங்களை அடித்தவர் என்பதும் அந்தக் குழந்தைகளின் அப்பா என்பதும் இரண்டும் உண்மை. அவர் குடித்துவிட்டு வரக்கூடும் என்று அஞ்சினால் சந்திப்புக்கு நிபந்தனைகள் கேளுங்கள்.

நகை விஷயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. பெற்றோரும் உறவினரும் திருமணத்தின்போதும் முன்பும் பின்பும் உங்களுக்குத் தந்த நகை, சீர், பணம் எல்லாம் ‘சீதனம்’. ஸ்திரீதனம் என்று தீர்ப்புகளில் வரும். அது முழுக்க உங்களுடையது. மாமியாரின் பீரோவில் இருந்தாலும், அவர் அதை உங்களுக்காக வைத்திருக்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கும் என்பதை 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. சீதனமும் வரதட்சிணையும் ஒன்றல்ல, வரதட்சிணை என்பது திருமணத்துக்காகக் கேட்டு வாங்குவது. பேச்சுவழக்கில் இரண்டையும் கலந்து சொல்வதால் காவல் நிலையப் புகாரில் பல பெண்கள் தங்கள் சொந்த நகையை வரதட்சிணை என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் 25 பவுனைத் திருப்பித் தரச்சொல்லி ஆணையிடும் அதிகாரம், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவருக்கு இருக்கிறது. அதற்கான மனுவை வழக்குரைஞர் மூலமாகவோ, மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ கொடுக்கலாம். நகைக்கடை ரசீதுகளையும், நீங்கள் நகை அணிந்திருக்கும் திருமணப் புகைப்படங்களையும் அம்மாவிடம் கேட்டு இப்போதே எடுத்துவையுங்கள்.

கரூருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்வருவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ‘வாய்தா’ என்பது அடுத்த விசாரணை நாள். வழக்கைத் தேனிக்கு மாற்றித்தரக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ‘மாற்றல் மனு’ போடலாம். குழந்தைகளோடு தனித்து வாழும் மனைவியின் சிரமத்தை இத்தகைய மனுக்களில் நீதிமன்றங்கள் முக்கியமாகக் கருதுகின்றன. ஆனால் மாற்றல் மனு போட்டதாலேயே கரூர் வழக்கு நின்றுவிடாது. உயர் நீதிமன்றம் தடையாணை தரும்வரை அங்கே யாரேனும் உங்களுக்காக நிற்கவேண்டும். அதற்குத்தான் ‘வக்காலத்து’. இன்ன வழக்குரைஞர் எனக்காக இந்த வழக்கை நடத்தலாம் என்று நீங்கள் எழுதித் தரும் அதிகாரம் அது. வெற்று வக்காலத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு எண்ணும் பெயர்களும் நிரப்பப்பட்டிருக்கட்டும்.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமான வரம்பு எதுவும் இல்லாமல், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வழக்குரைஞரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விவரம் கேட்கலாம். நீதிமன்றத்தில் இதையெல்லாம் ஊரார் முன் சொல்லவேண்டியிருக்குமோ என்ற கூச்சமும் வேண்டாம். இந்து திருமணச் சட்ட வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்கவேண்டும், அவற்றின் விவரங்களை அச்சிட்டு வெளியிடக்கூடாது என்று 22-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. முதல் சில வாய்தாக்களில் உங்கள் இருவரையும் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சமரசம் என்றால் திரும்பப் போய் வாழ்ந்தே ஆகவேண்டும் என்பதல்ல. எந்த நிபந்தனையில் சேர்வது, சேராவிட்டால் எப்படி மரியாதையோடு பிரிவது என்ற இரண்டையும் அங்கே பேசலாம். உடன்பாடு எட்டாவிட்டால் அங்கே பேசியது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது.

ஒருவேளை இந்தக் கடிதம் உங்களை வந்தடைவதற்குள் வாய்தா நாள் கடந்துவிட்டிருந்தாலும் கதவு அடைபட்டுவிடாது. தீர்ப்பாணைக்கு முன்பென்றால் உடனே ஆஜராகி, வராததற்கான காரணத்தைச் சொல்லி, ஒருதலைப்பட்ச உத்தரவை விலக்கக் கேட்கலாம். தீர்ப்பாணையே வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 30 நாள் கெடு. அதுவும் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தை விளக்கித் தனி மனு போடவேண்டும்.

சம்மன் வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அது எந்தத் தேதியில் கிடைத்தது என்பதை அந்தத் தபால் முத்திரைதான் சொல்லும். அந்த உறை, உள்ளே இருக்கும் மனுவின் நகல், திருமணப் பத்திரிகை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, வாய்தாவுக்கு நான்கைந்து நாட்களாவது முன்னதாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.